மானுக்குத் தெரியாத நிறம்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் மான் வேட்டைப் பருவம். உரிமம் பெற்று, பெரியவர்களின் துணையுடன், உங்கள் வயதினரும் துப்பாக்கியோடு காட்டுக்குள் செல்கிறார்கள். அப்போது அவர்கள் அணிவது பளிச்சிடும் ஆரஞ்சு நிறச் சட்டை. மறைந்திருக்க வேண்டிய வேட்டைக்காரருக்கு இந்த நிறம் எதற்கு?

விடியற்காலை மங்கலில் ஒரு புதர் அசைகிறது. மானை எதிர்பார்த்திருக்கும் மனம் அதை மான் என்றே முடிவு செய்துவிடும். அங்கிருப்பவர் இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம் அல்லவா? இத்தகைய விபத்துகளைத் தடுக்கவே பல மாநிலங்களில் ஆரஞ்சு உடை கட்டாயமாயிற்று.

நம் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மானுக்கோ இரண்டே வகை. சிவப்பை உணரும் வகை அதற்கு இல்லை. ஆகவே சுமார் 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆரஞ்சு ஒளி அதற்கு மங்கலாகவே தெரியும். நமக்கோ பச்சையும் பழுப்புமான காட்டில் அது தீப்போல் தெரியும். இச்சாயம் நீலம், புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி ஆரஞ்சு ஒளியாக வெளிவிடுவதால் மேலும் பளிச்சிடுகிறது.

உடை மட்டும் போதுமா? போதாது. நியூயார்க் மாநிலம் 1949-இல் இளம் வேட்டைக்காரர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இன்று இத்தகைய பயிற்சிகளில் கற்பிக்கும் அடிப்படை விதிகள் நான்கு:

1. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும்.
2. குழல்முனையை யார் பக்கமும் திருப்பக்கூடாது.
3. சுடும் கணம் வரை விசையில் விரல் படக்கூடாது.
4. இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறியாமல் சுடக்கூடாது.

நான்காவது விதியைக் கவனியுங்கள். 0.22 அங்குலச் சிறு குண்டுகூட ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரம் பாயக்கூடும். புதருக்கு அப்பால் நிற்பவரின் ஆரஞ்சுச் சட்டை நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, ஐயம் இருந்தால் சுடாதிருப்பதே பாதுகாப்பு.