வழுக்கிய இடத்தைப் பார்ப்போம்



தோட்டத்தில் ஒரு விபத்து நடந்தால் அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, நடந்த இடம், நேரம் எல்லாம் எழுதிய பிறகு, "விபத்துக்கான காரணம்" என்று ஒரு வரி வரும். நான் இந்த வேலைக்கு வந்த ஆரம்ப வருடங்களில், அந்த வரியில் யோசிக்காமல் "கவனயீனம்" என்று எழுதிவிடுவேன். ஒரே சொல். வேலை முடிந்தது.

அப்போது நான் வேலை செய்த தோட்டத்தில், மலையில் இருந்து கொழுந்து மடுவத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதை ஒன்று இருந்தது. மே மாத மழையில் ஒரு அக்கா, நிறைந்த கூடையோடு அதில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "கவனயீனம்" என்று எழுதினேன். அடுத்த மாதம் இன்னொருவர், அதே வளைவில். மறுபடியும் அதே சொல். மூன்றாவதாக விழுந்தவர் முப்பது வருடமாக அந்த மலையில் கொழுந்து எடுத்த ஒரு அம்மா. இடுப்பில் பலத்த அடி. அவரைப் பார்க்க லயத்துக்குப் போனேன்.

"ஐயா, நான் கவனமாத்தான் வந்தேன். அந்த எடத்துல கால் வைக்க எடமே இல்லீங்களே" என்றார்.

அன்று மாலை ஒரு கூடையை வாங்கி, பத்துக் கிலோ கொழுந்து போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, படங்கும் கட்டிக்கொண்டு நானே அந்தப் பாதையில் இறங்கிப் பார்த்தேன். கயிறு தலையைப் பிடித்திருப்பதால் காலடியைப் பார்க்க முடியவில்லை. நனைந்த படங்கு முழங்காலைத் தடுத்தது. தேய்ந்த மண் சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. பிடிக்க ஒரு செடி கூட இல்லை. பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, வண்டிப் பாதையால் வரலாமே என்று கேட்டால், அது கால்மணி நேரம் கூடுதல். நிறுவைக்குப் பிந்தினால் ஏச்சுக் கேட்க வேண்டும். ஆகவே எல்லோரும் குறுக்கே இறங்கினார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் இறங்கியிருப்பேன்.

பிறகு அந்த வளைவில் பன்னிரண்டு படி வெட்டி, கல் பதித்து, ஒரு பக்கம் மூங்கில் கைபிடி கட்டினார்கள். மழை நாளில் நிறுவையைப் பதினைந்து நிமிடம் பிந்தித் தொடங்கவும் தொரை சம்மதித்தார். நான் அங்கே இருந்த காலம் வரை அந்த இடத்தில் வேறு யாரும் விழவில்லை. முதல் தடவையே போய்ப் பார்த்திருந்தால் மற்ற இருவரும் விழுந்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு பேரின் வலியில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆளுக்கு ஏற்ற வேலை

வேலைக்கு ஏற்றபடி ஆளை வளைக்காமல், ஆளுக்கு ஏற்றபடி வேலையையும் கருவியையும் இடத்தையும் அமைப்பது ஒரு தனிப் படிப்பாகவே இருக்கிறது. புத்தகங்களில் இதைப் பணிச்சூழலியல் என்று எழுதுவார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்.

குருவிட்டயில் இருந்து எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போனவர்கள் நம்மில் பலர். உச்சிக்குக் கிட்டச் செங்குத்தான இடங்களில் படி கட்டிக் கைபிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் "விழாதே" என்று ஒரு பலகையை மட்டும் நட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மனிதன் களைப்பான், இருட்டில் கால் தவறுவான், குழந்தையைப் பார்த்துத் திரும்புவான். இது எல்லோருக்கும் உள்ள இயல்பு. அதைத் தெரிந்துகொண்டு கட்டியதுதான் அந்தக் கைபிடி.

ஒரே மாதிரி இருந்த இரண்டு பிடிகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பெரிய போர் விமானங்கள் சில, பத்திரமாகத் தரை இறங்கிய பிறகு வயிறு தரையில் மோதி உடைந்தன. விமானிகள் இறக்கையில் உள்ள மடிப்பைத் தூக்குவதாக நினைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள். "விமானியின் பிழை" என்று எழுதினார்கள், நான் எழுதியது போலவே. அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற ஆய்வாளர் போய்ப் பார்த்தார். இரண்டு பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கரப் பிடியின் நுனியில் சிறிய இறப்பர் சக்கரமும், மற்றதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டும் பொருத்தச் சொன்னார். தொட்டாலே எது எது என்று தெரிந்தது. அந்தத் தவறும் நின்றது.

இதை நம் வீட்டுக்குள் கொண்டு வந்து பாருங்கள். களைமருந்து மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிறோம். போத்தலைப் பார்த்த பிள்ளைக்கு அது என்ன சொல்லும்? "குடி" என்றுதான் சொல்லும். பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? மருந்து வந்த கலனிலேயே இருக்க வேண்டும். அதுவும் லயத்துக்கு வரவே கூடாது. மருந்துக் காம்பராவில் பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

நம் நாடே இதற்குச் சாட்சி. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. இறந்தவர்களில் பெருந்தொகையானோர் விவசாய மருந்தால் போனவர்கள். 1995இல் மிகக் கொடிய நச்சு மருந்துகளும், 1998இல் எண்டோசல்பானும், அதன் பிறகு படிப்படியாகப் பரகுவாட்டும் நிறுத்தப்பட்டன. இருபது வருடத்தில் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. வீட்டுக் கஷ்டமும் மனக்கவலையும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒரு கெட்ட நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கொடிய விஷம் இல்லாததால் எத்தனையோ பேர் அந்த நேரத்தைத் தாண்டி வந்தார்கள். மனம் உடைந்து இருப்பவர் உங்கள் லயத்தில் இருந்தால் அவரைத் தனியே விடாமல் பேசுங்கள், டிஸ்பென்சரிக்குக் கூட்டி வாருங்கள்.

குட்டைப் பிடியின் கதை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத் தோட்டங்களில் களை எடுக்கப் பிடி ஓர் அடி, ஒன்றரை அடியே உள்ள மண்வெட்டி கொடுத்தார்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை. அப்போதுதான் வேலை சுத்தம் என்று சொன்னார்கள். கங்காணிமாருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. நிமிர்ந்தவர் வேலை செய்யவில்லை என்று தூரத்தில் இருந்தே தெரியும். முதுகு போன தொழிலாளர்கள் வழக்குப் பேசி, 1975இல் அந்தக் கருவியைத் தடை செய்ய வைத்தார்கள். நீளப் பிடி வந்தது. பயிர் ஒன்றும் அழியவில்லை.

நம் சுரண்டியை எடுத்து நிமிர்ந்து நின்று பாருங்கள். பிடி உங்கள் உயரத்துக்குச் சரியா? கட்டையாக இருந்தால் நீளமான பிடி போட எவ்வளவு செலவாகும்? ஒரு காட்டுக் கம்பு போதும்.

கூடையும் கழுத்தும்

ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துத் தூக்குங்கள். பிறகு அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடியுங்கள். தண்ணீர் கூடவில்லை, ஆனால் முதுகு கத்துகிறது. சுமை உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக இடுப்பெலும்பு தாங்கும் பாரம் பல மடங்கு ஆகிறது. கூடையும் அப்படித்தான். முதுகோடு ஒட்டி இருந்தால் இலகு. தொங்கிப் பின்னால் இழுத்தால் கழுத்து நரம்புதான் அதற்கு விலை கொடுக்கிறது. மெல்லிய கயிறு வெட்டும். நாலு விரல் அகலப் பட்டி அதே பாரத்தைப் பரப்பி வைக்கும். பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டினால் கழுத்து தப்பும்.

நிறுவையும் இதில் சேரும். ஒருவர் ஒரு நாளில் 24 கிலோ எடுக்கிறார் என்று வைப்போம். மூன்று நிறுவை என்றால் தடவைக்கு 8 கிலோ. இரண்டு நிறுவை என்றால் 12 கிலோ. மழையில் நனைந்த கொழுந்தின் தண்ணீர்ப் பாரம் வேறு. ஆபீஸில் ஒரு நிறுவையைக் குறைத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சத்தை யாருடைய கழுத்து சுமக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமுக்கி அடைத்த கொழுந்து சூடேறிக் கெடுவதால் தோட்டத்துக்கும் அதில் லாபம் இல்லை.

செடியின் உயரமும் முக்கியம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் இலகுவாக வேலை செய்யும் உயரம். கவ்வாத்து முடிந்து கொஞ்ச காலத்தில் செடி தாழ்ந்து இருக்கும், உயரமானவருக்கு முதுகு வலி. அடுத்த கவ்வாத்து நெருங்கும்போது செடி எழும்பியிருக்கும், கட்டையானவருக்குத் தோள் வலி. பிரட்டுக்களத்தில் நிரை பிரிக்கும்போது கங்காணி இதை நினைவில் வைத்தால் ஒரு சதமும் செலவில்லை.

ஸ்டோரில்

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான மெசின் பாகங்களுக்குப் பாதுகாப்பு மூடி இருக்க வேண்டும். ஆனாலும் சில இடங்களில் மூடி கழற்றி மூலையில் சாத்தி இருக்கும். கேட்டால், "இதைப் போட்டா துப்புரவு பண்ண ஏலாது சேர், எட்டு ஆணி கழட்டணும்" என்பார்கள். அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. மூடி தப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது. கதவு மாதிரிக் கீல் போட்டுத் திறந்து மூடும்படி செய்தால் அது தன் இடத்தில் இருக்கும். நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச், வேலை செய்பவர் நின்ற இடத்திலேயே கைக்கு எட்ட வேண்டும். இரவு வேலையில், விடியற்காலை வரும் தூக்கத்தோடு யாராலும் சண்டை போட முடியாது. நல்ல வெளிச்சமும் ஆள் மாற்றி விடுவதும்தான் வழி.

வாயால் சொல்வது கடைசி

எந்த ஆபத்துக்கும் நாலு கேள்வி உண்டு. வரிசை மாறக் கூடாது.

1. இதை அடியோடு அகற்ற முடியுமா? மலைக்கு ஆள் ஏறுமுன் முதல் நாளே குளவிக்கூடு பார்த்து, அந்த நிரையை விட்டுவிடுவது இப்படித்தான்.
2. முடியாவிட்டால் இடத்தையோ கருவியையோ மாற்ற முடியுமா? படி, கைபிடி, நீளப் பிடி, மெசின் மூடி.
3. வேலை நேரத்தையும் முறையையும் மாற்ற முடியுமா? 16 லீற்றர் மருந்து டேங்கியில் தண்ணீர்ப் பாரம் மட்டும் 16 கிலோ. ஏற்றத்தில் பாதி நிரப்பி அடிக்கலாம்.
4. இவ்வளவும் செய்த பிறகே சப்பாத்து, கையுறை, முகமூடி. அவையும் அளவாக, மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும்.

"பாத்துப் போ புள்ள" என்பது இந்த நாலுக்கும் பிறகு வருவது. நாம் அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம்.

இதற்குப் பெரிய பணம் வேண்டுமென்று நினைக்க வேண்டாம். வியட்நாமில் மீகொங் ஆற்றுப் பக்கத்துக் கந்தோ பகுதியில் 1990களில் விவசாயக் குடும்பங்களிடையே ஒரு முறை தொடங்கியது. கணவனும் மனைவியும் சேர்ந்து, கையில் ஒரு பட்டியலோடு பக்கத்து வீட்டையும் வயலையும் சுற்றிப் பார்ப்பார்கள். எது நல்லது, எதை மாற்றலாம் என்று பேசி, கையில் உள்ள பொருளை வைத்தே மாற்றுவார்கள். சர்வதேசத் தொழில் அமைப்பு அதைப் பல நாடுகளுக்கும் கொண்டு போனது. தோட்டத்தில் அதை நம்மால் செய்ய முடியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், நாலு பேர். லயத்துப் படி, பீலிக் கரை, மடுவப் பாதை, பிள்ளைக் காம்பரா வாசல். "இங்கே யார் யார் வழுக்கினார்கள்?" என்று கேளுங்கள். விழுந்தவரை மட்டும் கேட்டால் போதாது. விழாமல் தப்பியவரையும் கேளுங்கள். அடுத்த விபத்து நடக்கப் போகும் இடம் அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. வேலையில் அடிபட்டால், "என் கவனக்குறைவுதானே" என்று மறைக்க வேண்டாம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், சாதாரணக் கவனக்குறைவு என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. அன்றே கங்காணியிடமும் டிஸ்பென்சரியிலும் சொல்லிப் பதிய வையுங்கள். நடந்த இடத்தையும் சரியாகச் சொல்லுங்கள்.

இப்போது நான் படிவம் நிரப்பும்போது அந்த வரியை அவசரமாக நிரப்புவதில்லை. முதலில் குடையை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போகிறேன். அட்டை கடிக்கும், கால் நனையும். பரவாயில்லை. போய் வந்தால்தான் எழுதத் தெரிகிறது.

தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்,
குருவிட்ட.