மழையில் நனைந்த வீதி

புணே நகரில் ஆடி மழை சற்றே ஓயும் வேளையில், லக்ஷ்மி சாலையை மாடி ஜன்னலிலிருந்து கண்ட நேயர்கள் அறிவார்கள். ஈரத் தரையில் விளக்குகளும் குடைகளும் வண்டிகளும் கரைந்தாற்போல் தோன்றும். எதற்கும் திட்டமான விளிம்பு இராது. இத்தகைய காட்சிகளைத் தூரிகையால் பிடிக்க முயன்றவர்களே பிரான்ஸ் நாட்டின் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள். உருவத்தைக் கோட்டுக்குள் அடைக்காமல், அதன்மீது ஒரு கணம் விழும் ஒளியைச் சிறுசிறு வண்ணத் தீற்றல்களால் பதிப்பது அவர்கள் முறை.

அவர்களுள் மூத்தவரான காமில் பிஸ்ஸாரோ முதுமையில் கண்நோயுற்றார். வெளியில் நின்று வரைய இயலாமையால், பாரிஸில் ஓர் ஓட்டல் அறையின் ஜன்னலருகே அமர்ந்தார். மழைபெய்யும் ஒரு பிற்பகலில் சேந்த் ஒனோரே வீதியை 1897-இல் அவர் அவ்வாறு தீட்டினார்.

1900-இல் அவ்வோவியத்தை ஜெர்மனியின் காசிரர் என்னும் யூதக் குடும்பத்தினர் வாங்கினர். பின்னர் அது லில்லி காசிரரின் வீட்டுச் சுவரை அணிசெய்தது. அவருடைய பேரன் கிளாட் அதைப் பார்த்தே வளர்ந்தான்.

1939-இல் நாஜிகளிடமிருந்து தப்பி வெளிநாடு செல்ல அனுமதி வேண்டி, லில்லி அவ்வோவியத்தைக் கொடுத்துவிட நேர்ந்தது. விலையென்று குறித்த 900 மார்க்கும் அவர் எடுக்கவியலாத கணக்கில் செலுத்தப்பட்டது. ஓவியம் அழிந்ததென்றே பலரும் கருதிய நிலையில், 1958-இல் ஜெர்மன் அரசு 1,20,000 மார்க் இழப்பீடு தந்தது. ஓவியத்தின்மீதுள்ள உரிமையை லில்லி விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால், ஓவியம் அழியவில்லை. கைமாறிக் கைமாறி அமெரிக்கா சேர்ந்த அதை, 1976-இல் தைசன் பிரபு வாங்கினார். 1993-இல் அவருடைய சேகரிப்பை ஸ்பெயின் அரசு வாங்கிற்று. ஓவியம் மாட்ரிட் காட்சிசாலையில் இருப்பதைக் கிளாட் அறிந்தபோது ஏறத்தாழ எண்பது வயது. 2005-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். 2010-இல் அவர் மறைய, மகன் தொடர்ந்து நடத்தினார்.

'அனுபோக பாத்தியம்' என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. ஊரில் விட்டுவந்த நிலத்தை அயலார் உரிமை கொண்டாடிப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்தால் என்னாகும் என்று அஞ்சாத குடும்பம் உண்டோ? ஸ்பெயின் நாட்டுச் சட்டத்தில் அசையும் பொருளுக்கும் அத்தகைய விதி உண்டு. ஆறாண்டு தடையின்றி வைத்திருந்தால் உரிமை கிட்டக்கூடும். கலிபோர்னியச் சட்டமோ, களவுபோன பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கியவனுக்கும் உரிமை இல்லை என்கிறது. எச்சட்டம் செல்லும் என்பதே வழக்கு. 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காட்சிசாலையின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கலிபோர்னியா இத்தகைய குடும்பங்களுக்காகப் புதுச் சட்டம் இயற்றியது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, மீண்டும் ஆராயுமாறு பணித்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, 'உடைமை', 'உரிமை' என்னும் இரு சொற்களின் இடைவெளி இவ்வோவியத்தால்தான் நன்கு விளங்கிற்று.

லில்லியின் வீட்டுச் சுவரில் ஓவியம் தொங்குவதைக் காட்டும் பழைய புகைப்படம் ஒன்று எஞ்சியுள்ளது. ஊர்விட்டு வந்த நம் இல்லங்களிலும் பாட்டி தந்த தஞ்சாவூர்ப் படமோ குத்துவிளக்கோ இருக்கும். அது எவர் வாங்கியது, எவ்வழி வந்தது என்று ஒரு தாளில் எழுதி, புகைப்படம் ஒன்றும் எடுத்து வைப்போமாக. பெயரர் காலத்தில் அதுவே பேசும்.