உங்களுக்குத் தெரியுமா? தரவு மையமும் எரியும்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. சில சுவடிகளுக்கு வேறு பிரதியே இல்லை. 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையமும் தீப்பற்றியது. தரவோடு காப்புப் பிரதியையும் அங்கேயே வைத்திருந்த பலர் இரண்டையும் இழந்தார்கள். மேகக் கணிமை என்றாலும் தரவு கிடப்பது ஏதோவொரு கட்டடத்தில்தான். ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்கவேண்டும். அதை இடைக்கிடை மீட்டெடுத்தும் பார்க்கவேண்டும். 2017இல் மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் கிட்லாப் தளத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது ஐந்து காப்பு வழிகளும் கைகொடுக்கவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் பொறியியலாளர் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த பிரதியே காப்பாற்றியது.

நூல்களுக்கும் வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும். ஈழத்து நூல்களை 2005 முதல் இணையத்தில் ஆவணப்படுத்துகிறது ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம். யாழ்ப்பாணத்து உரும்பிராய் வீடுகளில் பழைய பாடசாலை மலரோ கோயில் மலரோ இருந்தால், அதை மின்வருட அவர்களிடம் கொடுத்துதவுங்கள்.