பிரவுசரில் ஓட்டை: மாற்றுவதா, புதுப்பிப்பதா?



"குரோமில் பெரிய ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். உடனே அதை நீக்கிவிட்டு வேறு பிரவுசர் போடுங்கள்." இப்படி ஒரு செய்தி அவ்வப்போது நம் குடும்பக் குழுக்களில் சுற்றி வருகிறது. சிலர் பயந்துபோய் கைக்குக் கிடைத்த ஏதோ ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள். சிலர் இதுவும் வதந்தி என்று தள்ளிவிடுகிறார்கள். ஓட்டை உண்மையாகவே இருக்கும்போது இந்த இரண்டுமே நமக்கு நஷ்டம்.

இன்று பிரவுசர் என்பது செய்தி படிக்கும் கருவி மட்டும் அல்ல. வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம், மின் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் அது வாசலாகிவிட்டது. வாசல் பழுதானால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது.

ஓட்டை என்றால் என்ன?

பிரவுசர் கோடிக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு மென்பொருள். அதை எழுதுவது மனிதர்கள்; அதனால் பிழைகள் இருக்கத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகளால் ஆபத்து இல்லை. ஆனால் சில பிழைகளைப் பயன்படுத்தி, ஒரு பக்கத்தைத் திறந்தவுடனேயே வெளியாள் நம் கருவிக்குள் தன் நிரலை ஓடவிட முடியும். அதையே பாதுகாப்பு ஓட்டை என்கிறோம். தயாரிப்பாளர் அதை அடைப்பதற்கு முன்பே திருடர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அதற்கு 'ஜீரோ டே' என்று பெயர். தயாரிப்பாளருக்குச் சரிசெய்ய ஒரு நாள்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள்.

அடைப்பு வெளியான பிறகும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. எந்த இடத்தை அடைத்தார்கள் என்று பார்த்து, எங்கே ஓட்டை இருந்தது என்பதைத் திருடர்கள் தெரிந்துகொள்வார்கள். பிறகு, இன்னும் புதுப்பிக்காதவர்களைத் தேடுவார்கள். ஆகவே அடைப்பு வந்த பிறகு வரும் நாட்களில் யார் புதுப்பித்தார்கள், யார் புதுப்பிக்கவில்லை என்பதே முக்கியம்.

இரண்டு நிகழ்வுகள், இரண்டு பாடங்கள்

2014 ஏப்ரல் 26 அன்று, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஓர் ஓட்டை இருப்பதாகவும் அதைப் பயன்படுத்தித் தாக்குதல் நடப்பதாகவும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 6 முதல் 11 வரையிலான எல்லாப் பதிப்புகளிலும் அந்த ஓட்டை இருந்தது. அடைப்பு அப்போது தயாராகவில்லை. அது வரும் வரை வேறு பிரவுசரைப் பயன்படுத்துவதைப் பற்றி யோசியுங்கள் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே மக்களுக்கு ஆலோசனை சொன்னது. மே 1 அன்று அடைப்பு வந்தது. இடைப்பட்ட சில நாட்களுக்கு, மாறிக்கொள்வதே சரியான வழியாக இருந்தது.

இன்னொன்றும் அப்போது நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அதே ஏப்ரல் 8 அன்றுதான் நிறுத்தியிருந்தது. ஆனாலும் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் அடைப்பு கொடுத்தார்கள். ஆதரவு முடிந்த கருவிக்கு இப்படிச் சலுகை கிடைப்பது அரிது. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இரண்டாவது நிகழ்வு 2023 செப்டம்பரில் நடந்தது. 'வெப்பி' என்ற வகைப் படங்களைத் திறந்துகாட்டும் ஒரு சிறு மென்பொருள் பகுதியில் ஓட்டை இருப்பதை ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவும், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகமும் கூகுளுக்குத் தெரிவித்தன. தீய நோக்கத்தோடு உருவாக்கப்பட்ட ஒரு படம் திரையில் தோன்றினாலே போதும் என்ற அளவுக்கு ஆபத்தான ஓட்டை அது. செப்டம்பர் 11 அன்று குரோமுக்கு அடைப்பு வந்தது.

அன்று பலர் குரோமை விட்டு வேறு பிரவுசருக்கு மாறலாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அதே பகுதியைத்தான் ஃபயர்பாக்ஸும் பயன்படுத்தியது. எட்ஜ், பிரேவ், ஓப்பரா ஆகியவையும் அப்படியே. மறுநாள் ஃபயர்பாக்ஸும் அடைப்பு வெளியிட்டது. மற்றவையும் அடுத்தடுத்து வெளியிட்டன. புதுப்பிக்காத குரோமிலிருந்து புதுப்பிக்காத ஃபயர்பாக்ஸுக்கு மாறியவருக்கு எந்தப் பயனும் கிடைத்திருக்காது. குரோமிலேயே இருந்து அதைப் புதுப்பித்தவர் பாதுகாப்பாக இருந்தார்.

ஆகவே செய்தி வந்தவுடன் முதலில் கேட்க வேண்டியது, "அடைப்பு வந்துவிட்டதா?" என்பதே. வந்துவிட்டது என்றால் புதுப்பியுங்கள். வரவில்லை, தாக்குதலும் நடக்கிறது என்றால், அடைப்பு வரும் வரை வேறு குடும்பத்தைச் சேர்ந்த பிரவுசருக்குத் தற்காலிகமாக மாறிக்கொள்ளுங்கள்.

பிரவுசர்களுக்கும் குடும்பம் உண்டு

கடையில் பல பெயர்களில் பிரவுசர்கள் இருந்தாலும், உள்ளே இருக்கும் எஞ்சின்கள் மிகச் சிலவே. குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா, சாம்சங் இன்டர்நெட் ஆகியவை குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. குரோமியத்தில் ஓட்டை என்றால் இவற்றில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஃபயர்பாக்ஸுக்குத் தனி எஞ்சின். ஆப்பிளின் சஃபாரிக்கு வெப்கிட் என்ற தனி எஞ்சின். நம் நாட்டில் ஐபோனில் குரோமை நிறுவினாலும், உள்ளே ஓடுவது அதே வெப்கிட்தான்.

இதனால் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஓர் எளிய யோசனை: குரோம் அல்லது எட்ஜ் ஒன்று, ஃபயர்பாக்ஸ் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் புதுப்பித்து வாருங்கள். ஒன்றில் சிக்கல் வந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

எந்த பிரவுசரைத் தேர்வு செய்வது?

வேகமானது எது, அழகானது எது என்பதை விட்டுவிட்டு, நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: அடைப்பு விரைவாக வருகிறதா? குரோமுக்கு 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் பாதுகாப்பு அடைப்புகள் வருகின்றன. ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகியவற்றையும் ஓட்டைகளைத் தேடி அடைக்கும் தனிக் குழுக்களைக் கொண்ட நிறுவனங்களே தயாரிக்கின்றன. பெயர் தெரியாத 'சூப்பர் ஃபாஸ்ட்' பிரவுசர்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி: அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? நம்மில் பலர் ஒரு காலத்தில் பயன்படுத்திய யுசி பிரவுசர், 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. பழைய போனில் அது இன்னும் கிடந்தால் நீக்கிவிடுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது.

மூன்றாவது கேள்வி: நம் கருவிக்கு அது புதிய பதிப்பைத் தருகிறதா? பிரவுசர் நல்லதாக இருக்கலாம். நம் போன் பழையதாக இருந்தால் புதிய பதிப்பு வராது. ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள போன்களுக்கு குரோமின் கடைசிப் பதிப்பு 138. விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களுக்கு 109. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அந்தக் கருவிகளில் திறந்தே கிடக்கும்.

நான்காவது கேள்வி: எங்கிருந்து வருகிறது? ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், ஐபோனில் ஆப் ஸ்டோர், கம்ப்யூட்டரில் தயாரிப்பாளரின் சொந்தத் தளம். இவற்றைத் தவிர வேறெங்கிருந்தும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்பை, அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் தொடாதீர்கள். அவருடைய போனே திருடன் கையில் இருக்கலாம்.

புதுப்பிப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, 'குரோம்' என்று தேடுங்கள். 'அப்டேட்' என்ற பொத்தான் தெரிந்தால் அழுத்துங்கள். அதோடு 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்பதையும் தேடிப் புதுப்பியுங்கள். பல செயலிகள் தங்களுக்குள்ளேயே இணையப் பக்கங்களைத் திறந்துகாட்டுவது அதன் வழியாகத்தான்.

ஐபோனில் சஃபாரி தனியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் என்று போய் போனையே புதுப்பிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் குரோமின் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஹெல்ப்', பிறகு 'அபௌட் கூகுள் குரோம்' என்று போனால் அது தானாகவே புதிய பதிப்பைத் தேடி இறக்கும். ஃபயர்பாக்ஸில் மூன்று கோடுகளை அழுத்தி, 'ஹெல்ப்', 'அபௌட் ஃபயர்பாக்ஸ்'. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புதிய பதிப்பு இறங்கிவிட்டாலும், பிரவுசரை ஒரு முறை மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். பத்து இருபது பக்கங்களைத் திறந்துவைத்து, வாரக்கணக்கில் மூடாமலேயே வைத்திருப்பவர்களுக்கு அடைப்பு வந்தும் வராதது போலத்தான்.

போலி அப்டேட்

ஓட்டை பற்றிய பயத்தையே மூலதனமாக்கும் கூட்டமும் உண்டு. ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்திப் புதுப்பியுங்கள்" என்று திரை முழுவதும் அறிவிப்பு வரும். அழுத்தினால் இறங்குவது பிரவுசர் அல்ல, திருட்டு மென்பொருள். எந்த இணையப் பக்கமும் நம் பிரவுசரைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அப்படி வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மேலே சொன்ன வழியில் நீங்களே போய்ப் பாருங்கள்.

செய்தி உண்மையா என்று அறிய, நம் அரசின் கணினி அவசரகாலக் குழுவான 'செர்ட்-இன்' வெளியிடும் எச்சரிக்கைகளைப் பாருங்கள். எந்தப் பதிப்பு வரை ஆபத்து, எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்கும். பதிப்பு எண் எதுவும் சொல்லாமல், "உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லும் செய்தியை அனுப்பாமல் விடுங்கள். கேள்விப்பட்டதையெல்லாம் விசாரிக்காமல் பரப்பக்கூடாது என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

நல்ல பிரவுசரும் செய்ய முடியாதவை

பிரவுசரைப் புதுப்பித்துவிட்டால் எல்லா ஆபத்தும் போய்விடாது. முகவரிக்கு முன்னால் 'எச்டிடிபிஎஸ்' என்று இருந்தால், நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே பொருள். எதிர்முனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அதற்குப் பொருள் இல்லை. திருடனும் அப்படி ஒரு தளம் வைத்துக்கொள்ளலாம். 'இன்காக்னிட்டோ' முறை, நாம் பார்த்தவற்றை நம் கருவியில் பதிவு செய்யாமல் விடும், வைரஸைத் தடுக்காது. பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் 'எக்ஸ்டென்ஷன்'களில் பல, நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க அனுமதி கேட்பவை. தேவையில்லாதவற்றை நீக்கிவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூத்தவர்களின் போனும் அலுவலகக் கம்ப்யூட்டரும்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து மகன் புதிய போன் கொண்டுவந்தால், பழையது உம்மாவுக்குப் போகும். அதைவிடப் பழையது பாட்டிக்குப் போகும். மகன் மாதாமாதம் அனுப்பும் பணம் வந்து சேரும் கணக்கும், அதற்கான ஓடிபியும் பெரும்பாலும் அந்தப் பழைய போனில்தான் இருக்கின்றன. வீட்டிலேயே பலவீனமான வாசலில் மொத்தச் சேமிப்பையும் வைத்துவிடுகிறோம். புதுப்பிப்பு நின்றுபோன போனைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலி, யுபிஐ, வங்கியின் இணையதளம் ஆகியவை அதில் வேண்டாம். வங்கி எண் உள்ள சிம், வீட்டில் புதுப்பிப்பு வரும் போனில் இருக்கட்டும்.

பள்ளிவாசல், மதரஸா, சங்க அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களுக்கும் இது பொருந்தும். நன்கொடையாகக் கிடைத்த பழைய கம்ப்யூட்டரில் நிக்காஹ் பதிவேடும், ஜகாத் பெறுவோரின் பெயர்ப் பட்டியலும், ஆதார் நகல்களும் இருக்கலாம். தன் தேவையைச் சொல்லி உதவி கேட்ட ஒரு விதவைச் சகோதரியின் விவரம் வெளியே போனால், அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. அந்த விவரங்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் மட்டுமே இருக்கிறது என்றால், அதை இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதை நிர்வாகிகள் நினைவில் கொள்ளட்டும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை இடையில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். வாரம் ஒரு நாள், ஜும்ஆ முடிந்து வந்ததும், வீட்டிலுள்ள எல்லாப் போன்களையும் வாங்கிப் புதுப்பித்துத் தரட்டும். உம்மா, பாட்டியின் போன்களிலிருந்து தொடங்கட்டும். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களையும் கேட்டுப் பார்க்கட்டும். பத்து நிமிட வேலைதான்.