பொம்மையார்பாளையம் கடற்பகுதி மீன்பிடிப்பு

பொம்மையார்பாளையம் கடற்பகுதி மீன்பிடிப்பு என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் உள்ள பொம்மையார்பாளையம் என்னும் கடலோர ஊரை ஒட்டிய வங்காள விரிகுடாப் பகுதியில் நடைபெறும் சிறுபடகு மீன்பிடித் தொழிலையும், அப்பகுதியின் மீன்வளத்தைக் காப்பதற்கான சட்டங்கள் மற்றும் ஊர் வழக்கங்களையும் குறிக்கும். இங்குத் துறைமுகம் இல்லை. படகுகள் கடற்கரை மணலிலிருந்தே புறப்பட்டு அங்கேயே கரையேறுகின்றன. எனவே இவ்வூரின் மீன்பிடிப்பு, கரையருகே உள்ள மீன் இருப்பு, அதனை மற்றவர்களுடன் பங்கிடும் விதிகள், படகை ஏற்றி வைக்கும் மணற்கரை ஆகிய மூன்றையும் சார்ந்துள்ளது.

அமைவிடம்

பொம்மையார்பாளையம், புதுச்சேரி நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. இதன் தெற்கே சின்னமுதலியார்சாவடி, தந்திராயன்குப்பம் முதலிய ஊர்களும், வடக்கே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு ஆகிய ஊர்களும் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர் நீளமுடையது. இதில் 19 மீனவ ஊர்கள் உள்ளன. 2019 ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரும் கடற்கரை முழுவதும் விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ளது.

இக்கரையில் தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் மாறி மாறி அமைந்துள்ளன. ஒரே மீன் கூட்டம் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இரண்டு அரசுகளின் ஆட்சிப் பரப்பைக் கடந்து செல்கிறது. ஆகவே ஓர் அரசு விதிக்கும் கட்டுப்பாடு மற்றதன் ஒத்துழைப்பு இன்றி முழுப் பயன் தருவதில்லை.

படகுகளும் கருவிகளும்

முற்காலத்தில் கட்டுமரமே இக்கரையின் முதன்மையான மீன்பிடி கலமாக இருந்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வழங்கப்பட்ட நிவாரண உதவிகளால், வெளிப்பொருத்து இயந்திரம் கொண்ட கண்ணாடி நாரிழைப் படகுகள் (பைபர் படகுகள்) சோழமண்டலக் கரை முழுவதும் பெருகின.

இத்தகைய படகுகளில் பயன்படும் முதன்மையான கருவி செவுள் வலை ஆகும். வலைக்கண்ணின் அளவைப் பொறுத்துப் பிடிபடும் மீன் மாறும். சிறிய கண் உடைய வலையில் கவலை, கானாங்கெளுத்தி போன்றவையும், பெரிய கண் உடைய வலையில் வஞ்சிரம், சூரை, பாறை போன்றவையும் சிக்குகின்றன. தூண்டில் முறைகளுள் நீண்ட கயிற்றில் பல கொக்கிகளைக் கட்டி விடும் ஆயிரங்கால் தூண்டிலும், படகை ஓட்டியபடியே தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்லும் முறையும் தமிழகக் கரையில் அறியப்பட்டவை.

படகின் பின்னால் தூண்டிலை இழுக்கும் முறை ஆங்கிலத்தில் 'ட்ரோலிங்' எனவும், வலையைக் கடலடியில் இழுத்துச் செல்லும் முறை 'ட்ராலிங்' எனவும் வழங்கப்படுகின்றன. ஒலி ஒற்றுமையால் இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்படுவதுண்டு. ஆனால் மீன் இருப்பின் மீது இவை ஏற்படுத்தும் விளைவுகள் நேர் எதிரானவை. தூண்டிலில் வஞ்சிரம், சூரை, சீலா போன்ற இரைதேடி விரையும் பெரிய மீன்கள் ஒவ்வொன்றாக மாட்டுகின்றன. இழுவலையோ இறால், கணவாய், காரல், சங்கரா ஆகியவற்றுடன் வளராத குஞ்சுகளையும் சேர்த்து அள்ளுகிறது. கடலடியில் வாழும் பிற உயிர்களும் இதனால் பாதிக்கப்படுகின்றன.

மீன் இருப்பும் அதன் மேலாண்மையும்

ஒரு கடற்பகுதியில் ஒன்றோடொன்று கலந்து இனப்பெருக்கம் செய்யும் ஓரினத்தின் மீன்கள் அனைத்தும் சேர்ந்து ஓர் இருப்பு எனப்படும். பிறப்பாலும் வளர்ச்சியாலும் இருப்பு கூடுகிறது. இயற்கை இறப்பாலும் பிடிப்பாலும் குறைகிறது. ஆண்டுதோறும் கூடும் அளவை மட்டும் பிடித்தால் இருப்பு நிலைக்கும். இது வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவதைப் போன்றது.

நன்னீர் ஏரி ஒன்றில் இருப்பை நேரடியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி இதற்கு எடுத்துக்காட்டாகும். அங்கு 1966 ஆம் ஆண்டில் கோகோ சால்மன் குஞ்சுகளும் 1967 ஆம் ஆண்டில் சினூக் சால்மன் குஞ்சுகளும் பொரிப்பகங்களில் வளர்க்கப்பட்டு விடப்பட்டன. இதனால் படகில் தூண்டில் இழுத்துச் சால்மன் பிடிக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு வளர்ந்தது. சால்மனுக்கு இரையான ஏல்வைப் என்னும் சிறுமீன் குறைந்தபோது, விடப்படும் சினூக் குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது.

வங்காள விரிகுடாவில் இம்முறை பெரிய அளவில் இயலாது. இறால் போன்ற சிலவற்றின் குஞ்சுகளைக் கடலில் விடும் முயற்சிகள் தமிழ்நாட்டில் மேற்கொள்ளப்பட்டுள்ளன. எனினும் நெடுந்தொலைவு வலசை செல்லும் வஞ்சிரத்தையோ கவலையையோ குஞ்சு விட்டுப் பெருக்க முடியாது. ஆகவே இங்கு மேலாண்மை என்பது எப்போது, எங்கே, எந்தக் கருவியால், எந்த அளவு மீனைப் பிடிக்கலாம் என்று மனிதரைக் கட்டுப்படுத்துவதே ஆகும்.

இந்தியக் கடல்களின் மீன் இருப்பை 1947 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டு வருகிறது. இறங்குதளங்களில் மாதிரி முறையில் எடுக்கப்படும் கணக்குகளே இதற்கு அடிப்படை. 2022 ஆம் ஆண்டுக்கான இந்நிறுவனத்தின் மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 135 இருப்புகளுள் 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாகக் கூறப்பட்டது. இஃது இந்தியா முழுமைக்குமான கணக்கு என்பதும், ஓர் ஊரின் கரையருகே கிடைக்கும் மீனின் அளவை இது காட்டாது என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கவை.

சட்டக் கட்டுப்பாடுகள்

இந்தியாவில் இழுவலை விசைப்படகுகளின் பரவலுக்கு, 1950களில் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய-நார்வே திட்டம் வழிவகுத்தது. தமிழ்நாட்டுக் கரையிலும் விசைப்படகுகள் பெருகியபோது, அவை கரையருகே வந்து நாட்டுப்படகு மீனவரின் வலைகளை அறுத்துச் சென்றதால் மோதல்கள் ஏற்பட்டன. இதன் விளைவாகத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரையிலான பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களுக்கு இந்த எல்லையே முதன்மையான பாதுகாப்பு ஆகும். கரையருகேயுள்ள ஆழமற்ற நீர், பல மீன் குஞ்சுகள் வளரும் இடம் என்பதால், நாட்டுப்படகு மீனவரின் உரிமையும் மீன்வளப் பாதுகாப்பும் இவ்விதியில் ஒன்றிணைகின்றன. ஆயினும் கடலில் கோடு கிழிக்கப்பட்டிருப்பதில்லை. ரோந்துப் படகுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே இவ்விதி நடைமுறை பெறுகிறது.

மீன்பிடித் தடைக்காலம்

தமிழ்நாட்டில் 2001 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்த இக்காலம், 2017 ஆம் ஆண்டு 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை தடை நிலவுகிறது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளும் இதே நாட்களையே பின்பற்றுகின்றன.

தமிழ்நாட்டில் இத்தடை விசைப்படகுகளுக்கும் இழுவலைப் படகுகளுக்கும் உரியது. நாட்டுப்படகுகளும் பைபர் படகுகளும் கரையருகே மீன்பிடிக்கின்றன. இக்காலத்தில் வரத்து குறைவதால் இப்படகுகளின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. மீனவக் குடும்பங்களுக்கு அரசு வழங்கும் தடைக்கால உதவித்தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகத்து மாதத்தில் அறிவிக்கப்பட்டது.

தடைக்காலம் மீன்களின் இனப்பெருக்கக் காலம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆனால் வெப்பமண்டலக் கடல் மீன்கள் பல, ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் முட்டையிடுகின்றன. ஆகவே 61 நாட்களில் எல்லா இனங்களும் காக்கப்படுவதில்லை. இழுவலை முயற்சி ஓராண்டின் ஆறில் ஒரு பங்கு காலத்திற்கு நின்றுவிடுவதே இத்தடையின் உறுதியான பயன் எனலாம். எஞ்சிய பத்து மாதங்களில் படகுகளின் எண்ணிக்கையும் இயந்திரத் திறனும் கூடினால் இப்பயன் கரைந்துவிடும்.

சுருக்குமடி வலைச் சிக்கல்

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி முழுவதையும் அள்ளும் வலை சுருக்குமடி எனப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2000 ஆம் ஆண்டில் இதற்குத் தடை விதித்தது. தடைக்குப் பின்னரும் இதன் பயன்பாடு தொடர்ந்ததால், சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்கள் இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் பிரிந்து நின்றன. 2021 ஆகத்து மாதத்தில் புதுச்சேரியின் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்களிடையே இவ்வலை தொடர்பாகக் கடலில் மோதல் மூண்டது.

2023 சனவரி 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றை வழங்கியது. அதன்படி 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளுடன் இவ்வலையைப் பயன்படுத்த இசைவு அளிக்கப்பட்டது. கவலை, கானாங்கெளுத்தி போன்ற கூட்டமாகச் செல்லும் மீன்களையே செவுள் வலை மீனவரும் நம்பியிருப்பதாலும், அவையே வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களுக்கு இரை என்பதாலும், இச்சிக்கல் சிறுபடகு ஊர்களின் வாழ்வாதாரச் சிக்கலாகவே தொடர்கிறது.

ஊர்ப் பஞ்சாயத்து

சோழமண்டலக் கரையின் பட்டினவர் ஊர்களில், அரசுச் சட்டத்திற்கு முன்பிருந்தே ஊர்ப் பஞ்சாயத்துகள் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தி வந்துள்ளன. பொது நலனுக்குத் தீங்கானது எனக் கருதப்படும் வலையைத் தடை செய்தல், மீறுவோருக்குத் தண்டம் விதித்தல், ஊர்களுக்கு இடையிலான பிணக்குகளைப் பேசித் தீர்த்தல் ஆகியன இவற்றின் பணிகள். இம்முறையை நெதர்லாந்து ஆய்வாளர் மார்டென் பாவிங்க் ஆராய்ந்து 2001 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டுள்ளார். சட்டமும் ஊர்க் கட்டுப்பாடும் ஒன்றுபடும் இடங்களில் விதி எளிதில் நிலைக்கிறது.

கழுவேலி ஏரி

பொம்மையார்பாளையத்திற்கு வடக்கே, வானூர், மரக்காணம் வட்டங்களில் கழுவேலி என்னும் பரந்த உவர்நீர் ஏரி உள்ளது. இது கழிமுகத்தின் வழியாகக் கடலுடன் தொடர்புடையது. இத்தகைய ஏரிகள் இறால் முதலியவற்றின் குஞ்சுகள் வளரும் இடங்கள் ஆதலால், கடலின் மீன் இருப்பு இவற்றின் நலத்தையும் சார்ந்தது. 5,151.60 எக்டேர் பரப்புள்ள இவ்விடம் 2021 ஆம் ஆண்டு பறவைகள் காப்பகமாகவும், 2024 ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

கடலரிப்பு

இக்கரையில் கடலோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், இந்நகர்வு தடைப்பட்டு, வடக்கேயுள்ள கரை அரிக்கப்படலாயிற்று. ஓரிடத்தைக் காக்கக் கருங்கல் சுவரோ தூண்டில் வளைவோ அமைத்தால், அரிப்பு அதற்கு வடக்கேயுள்ள ஊருக்கு நகர்கிறது. பொம்மையார்பாளையத்திலும் கடலரிப்பால் வீடுகள் சேதமடைந்துள்ளன.

மீன்பிடிப்பின் மீது இதன் தாக்கம் நேரடியானது. அகன்ற மணற்பரப்பு இன்றிக் கரைவலை இழுக்க இயலாது. படகுகளை மேலேற்றி வைக்கவும், வலைகளை உலர்த்திப் பழுது பார்க்கவும், மீனை ஏலம் விடவும் இடம் குறைகிறது. புயற்காலங்களில் படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமடைகின்றன. கடலில் மீன் இருப்பு காக்கப்பட்டாலும், கரை இழக்கப்பட்டால் அதன் பயன் துறைமுகம் உள்ள ஊர்களின் விசைப்படகுகளுக்கே சென்று சேரும். இதனால் இப்பகுதியில் மீன்வள மேலாண்மையும் கரை மேலாண்மையும் பிரிக்க முடியாதவையாக உள்ளன.