சமாதியைக் கோயிலாக்கிய ஒரு ரசிகை: பாரீஸ் டு திருவையாறு

பாண்டிச்சேரியில் தெருவுக்கு ஒரு 'பாரீஸ் மாமா' இருப்பார். லீவுக்கு வரும்போது சாக்லேட்டும் சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்குவாரே, அவர்தான். என்றைக்காவது அவர் வீட்டுக்குப் போனால், ஈஃபிள் டவர் பார்த்து முடித்ததும் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

'தி டோர்ஸ்' பாடகர் ஜிம் மாரிசன் அங்கேதான் இருக்கிறார். 1971 ஜூலை 3-ம் தேதி, 27 வயதில் பாரீஸில் இறந்தவர். ஆரம்பத்தில் அந்த இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் அம்புக்குறி போட்டு 'ஜிம்' என்று எழுதி வழிகாட்டினார்கள். 1981-ல் ஒரு குரோஷியச் சிற்பி மார்பளவுச் சிலை செய்து வைத்தார். அதன்மேல் பெயின்ட் அடித்தார்கள். 1988-ல் சிலையே திருடு போனது. 37 வருஷம் கழித்து, 2025 மே மாதம், வேறொரு வழக்கை விசாரித்த போலீஸ் கையில் தற்செயலாகச் சிக்கியது! கல்லறைக்குப் பக்கத்து மரத்தில் ரசிகர்கள் சூயிங்கம் ஒட்டித் தள்ள, மரத்தைக் காப்பாற்ற மூங்கில் தட்டி சுற்ற வேண்டியதாயிற்று. இப்போது தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அக்கம்பக்கத்தில் அடக்கமானவர்களின் குடும்பங்கள் பாவம்தான்.

இது ஃபாரின் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இசைக்கலைஞரின் சமாதியை ரசிகர்கள் அடியோடு மாற்றிய கதை நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், கும்பகோணம் வழியாகப் போனால் திருவையாறு.

தியாகராஜர் 1847 ஜனவரி 6-ம் தேதி காலமானார். கடைசி நேரத்தில் சந்நியாசம் வாங்கிக்கொண்டவர் என்பதால் தகனம் செய்யாமல் காவிரிக் கரையில் அடக்கம் செய்தார்கள். சமாதி என்று ஒன்று இருப்பதற்கே அதுதான் காரணம். ஆனால், சீடர்கள் ஆளுக்கொரு ஊரில் செட்டில் ஆக, இடத்தைப் புதர் மூடியது. 1903-ல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற இரண்டு வயதான சீடர்கள் தேடி வந்து சீர்செய்து, கல்வெட்டு வைத்தார்கள். சில வருஷங்களில் ஆராதனை விழா தொடங்கியது. கூடவே சண்டையும் வந்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு கோஷ்டி. நம்ம ஊர் ஃபேன் வார் எல்லாம் இதற்குப் பிறகுதான் பாஸ்! ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை: பெண்கள் அங்கே பாடக் கூடாது.

அப்போதுதான் பெங்களூரு நாகரத்தினம்மாள் வருகிறார். தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர், சென்னையில் கொடிகட்டிப் பறந்த பாடகி. முத்துப்பழனி எழுதிய தெலுங்குக் காவியத்தை 1910-ல் பதிப்பித்து, 'ஆபாசம்' என்று அரசு தடை போட்டும் அசராதவர். சமாதி பாழடைந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டதும் நிலத்தை வாங்கி, 1921-ல் கட்டுமானத்தைத் தொடங்கினார். பணம்? வருஷக்கணக்கில் பாடிச் சேர்த்தது. நகைகளையும் விற்றார். தியாகராஜர் சிலை வைத்து, குடமுழுக்கு நடத்தி, வெறும் சமாதியைக் கோயிலாக்கிவிட்டார்.

கட்டிய அவருக்கே அங்கே பாட அனுமதி இல்லை. இதை என்னவென்று சொல்வது? அவர் கோர்ட்டுக்கும் போனார், இன்னொன்றும் செய்தார். கோயிலின் பின்பக்கம் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். அது மூன்றாவது கோஷ்டி, 'பெண்கள் கட்சி'.

1940 வாக்கில் மூன்றும் ஒன்றாயின. இன்று டி.வி-யில் நீங்கள் பார்க்கும், நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும் காட்சி அதற்குப் பிறகு நிலைபெற்றதுதான். அந்த வரிசையில் பெண்களும் இருக்கிறார்கள். பெண்களின் அந்த உரிமை தனக்குப் பிறகும் நிலைக்க வேண்டும் என்று நாகரத்தினம்மாள் உயிலிலேயே எழுதிவைத்தார்.

ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும், கூட்டம் அள்ளும். கூட்டம் அலர்ஜி என்றால் வேறொரு மாதம் போங்கள். தியாகராஜரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினால், அவரைப் பார்த்தபடி ஒரு சிலை இருக்கும். 1952-ல் மறைந்த நாகரத்தினம்மாளின் சமாதி அது.