காணொளிவழி வாசகச் சமூகங்கள்: அமைப்பும் ஆய்வுச் சான்றாக அவற்றின் தகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

நூல்களைப் பற்றி உரையாடும் வாசகர்களும் எழுத்துப் பயிற்சியில் ஈடுபடுவோரும் யூடியூப், டிக்டாக் முதலிய காணொளித் தளங்களில் தமக்கெனச் சமூகங்களை அமைத்துள்ளனர். ஆங்கிலச் சூழலில் தோன்றிய புக்டியூப், ஆத்தர்டியூப், புக்டாக் ஆகியவற்றின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ச் சூழலில் இலக்கியக் காணொளிகள் வேறொரு மரபின் தொடர்ச்சியாக வளர்ந்துள்ளதை எடுத்துக்காட்டுகிறது. சமகால இலக்கியத்தின் ஏற்பு வரலாற்றை எழுத இக்காணொளிகள் முதன்மைச் சான்றுகளாகத்தக்கன என்பதும், அவற்றைக் கையாளத் தனி நெறிமுறை தேவை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச் சொற்கள்: காணொளி, வாசகச் சமூகம், புக்டியூப், புக்டாக், ஏற்பு வரலாறு, பேச்சு வழக்கு, ஆவணப்படுத்தல்.

1. முன்னுரை

ஓர் இலக்கியப் படைப்பு வெளிவந்த காலத்தில் அதனை வாசகர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அறிய ஆய்வாளர்க்குக் கிடைக்கும் சான்றுகள் மிகச் சிலவே. மதிப்புரை, இதழ்களுக்கு வந்த வாசகர் கடிதம், முன்னுரை, தன்வரலாறு ஆகியவையே பெரும்பாலும் துணைநிற்கின்றன. இவை எழுதத் தெரிந்தோரின், எழுத வாய்ப்புப் பெற்றோரின் குரல்கள். படித்துவிட்டுப் பேசியவர்களின் குரல் பதிவாகவில்லை. திருநெல்வேலியில் டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி இதற்குத் தக்க சான்று. கம்பனைச் சுவைத்த அவ்வவையில் என்ன பேசப்பட்டது என்பதை அதில் கலந்துகொண்டோர் பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகள் வழியாகவே இன்று அறிகிறோம். பேச்சின் தொனியும், இடைமறித்துக் கேட்ட வினாக்களும், அவையோரின் சிரிப்பும் காலத்தோடு மறைந்துவிட்டன.

இன்று நிலைமை மாறியுள்ளது. வாசகர் பேச்சு ஒலியோடும் உருவத்தோடும் பதிவாகிப் பொதுவெளியில் கிடைக்கிறது. இப்பதிவுகள் எவ்வகைச் சமூகத்திலிருந்து எழுகின்றன, அவற்றை ஆய்வு எந்த அளவுக்குச் சான்றாக ஏற்கலாம் என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடைகாண முற்படுகிறது.

2. புக்டியூப்பின் தோற்றம்

யூடியூப் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. காணொளியை மையமாகக் கொண்டு எழுத்தாளர் ஒருவரைச் சுற்றி வாசகர் திரளும் போக்கிற்குத் தொடக்ககால எடுத்துக்காட்டாக அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரீனும் அவர் தம்பி ஹேங்க் கிரீனும் 2007 சனவரி 1ஆம் நாள் தொடங்கிய முயற்சியைக் கூறலாம். ஓராண்டுக் காலம் எழுத்துவழித் தொடர்பைத் தவிர்த்து, காணொளி வழியாகவே ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. சகோதரர்களின் உரையாடலைப் பார்க்க வந்தோர் நாளடைவில் தமக்கெனப் பெயர் சூட்டிக்கொண்ட பெருஞ்சமூகமாயினர். ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ என்னும் நாவல் 2012 சனவரியில் வெளிவந்தது. தலைப்பு அறிவிக்கப்பட்ட 2011ஆம் ஆண்டிலேயே, நூல் அச்சேறும் முன்னரே, முன்பதிவால் அது இணைய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. முதற்பதிப்பின் 1,50,000 படிகளிலும் ஆசிரியர் கையொப்பமிட்டார். காணொளியில் உருவான நெருக்கம் நூற்சந்தையில் செயல்படும் ஆற்றலாக மாறியதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இந்நெருக்கத்தின் இயல்பை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகியோர் 1956ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சியை முன்வைத்து விளக்கினர். திரையில் தோன்றுபவர் தம்மை நோக்கியே பேசுவதாகப் பார்வையாளர் உணரும் ஒருதலை உறவு அது. தொலைக்காட்சியில் அவ்வுறவு ஒருதலையாகவே நின்றது. புக்டியூப்பில் பார்வையாளர் பின்னூட்டம் இடலாம். மறுமொழியாகத் தாமே ஒரு காணொளி வெளியிடலாம். ஆகவே, பார்வையாளர் திரள் சமூகமாக மாறும் வாய்ப்பு இங்கு உண்டு.

3. சமூகத்தை ஆக்கும் வழக்காறுகள்

காணொளிகளின் எண்ணிக்கை மட்டும் ஒரு சமூகத்தை ஆக்கிவிடாது. பகிர்ந்த வழக்காறு, பகிர்ந்த நேரம், மறுமொழி ஆகிய மூன்றும் கூடும்போதே சமூகம் அமைகிறது.

பகிர்ந்த வழக்காறு என்பது யாவரும் அறிந்த காணொளி வடிவங்களைக் குறிக்கும். புதிதாக வாங்கிய நூல்களைக் காட்டுதல், அடுத்துப் படிக்கவிருக்கும் நூல்களை அடுக்கிக் கூறுதல், மாத இறுதியில் படித்தவற்றைத் தொகுத்துரைத்தல், நூலடுக்கைச் சுற்றிக் காட்டுதல் முதலியன புக்டியூப்பின் நிலைபெற்ற வடிவங்கள். புதிதாக வருபவர் இவற்றுள் ஒன்றை எடுத்துச் செய்வதன் மூலம் சமூகத்தில் இடம்பெறுகிறார். ஒருவர் தொடுக்கும் வினாத்தொகுதிக்கு விடையளித்து வேறு சிலரைப் பெயர் சுட்டி அழைக்கும் வடிவமும் உண்டு. முன்னவர் ஈற்றைப் பின்னவர் முதலாகக் கொண்டு தொடரும் அந்தாதியைப் போல, ஒருவர் காணொளி மற்றொருவர் காணொளிக்கு வித்தாகிறது.

பகிர்ந்த நேரம் என்பது கூட்டு வாசிப்பு. கனடாவைச் சேர்ந்த ஏரியல் பிசெட் 2013ஆம் ஆண்டு தொடங்கிய ஒருவார வாசிப்புப் போட்டி இதற்கு எடுத்துக்காட்டு. தனித்தனி வீடுகளில் அமர்ந்து படிப்போர் ஒரே காலத்தில் படிக்கிறோம் என்னும் உணர்வால் பிணைக்கப்படுகின்றனர். மௌன வாசிப்பு தனிமைச் செயல் என்னும் பொதுக்கருத்தை இவ்வழக்கம் மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது.

மறுமொழி இல்லாதவிடத்து வழக்காறும் நேரமும் வெறும் ஒளிபரப்பாகவே எஞ்சும். ஆய்வாளர் ஓர் அலைவரிசையைச் சமூகம் என அழைக்குமுன் இம்மூன்றையும் தேடிக் காணுதல் வேண்டும்.

4. எழுதுவோர் சமூகம்

வாசகர் சமூகத்திற்கு அணித்தாக, எழுத்துப் பயிலுவோரின் சமூகம் ஆத்தர்டியூப் என்னும் பெயரில் வளர்ந்தது. கதைத்திட்டம் அமைத்தல், திருத்துதல், பதிப்பாளரை அணுகுதல், நிராகரிப்பை எதிர்கொள்ளுதல் ஆகியன இதன் பேசுபொருள்கள். படைப்பின் இறுதி வடிவத்தைக் காட்டிலும் படைக்கும் செயலை இது வெளிப்படுத்துகிறது.

இச்சமூகத்திற்கு முன்னோடியாக அமைந்தது ‘நானோரைமோ’ என்னும் தேசிய நாவல் எழுதும் மாத இயக்கம். 1999ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி 21 பேருடன் இதனைத் தொடங்கினார். பின்னர் நவம்பர் மாதத்தில் 50,000 சொற்கள் எழுதுவதே இதன் இலக்காக நிலைபெற்றது. யூடியூப் நேரலையில் கூடி, குறித்த நிமிடங்களுக்குப் பேச்சை நிறுத்தி அனைவரும் எழுதி, பின்னர் எழுதிய சொற்களின் எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் இவ்வியக்கத்தில் இடம்பெற்றது. 2025 மார்ச் இறுதியில் இயக்கத்தை நடத்திய நிறுவனம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நிறுவனம் மறைந்தாலும் கூடி எழுதும் வழக்கம் தொடர்கிறது. எனினும் நிறுவனத்தின் தளத்தைச் சார்ந்திருந்த பதிவுகளின் நிலை வேறு என்பது இங்கு நோக்கத்தக்கது.

பிராண்டன் சாண்டர்சன் என்னும் கற்பனைப் புதின ஆசிரியர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் நடத்திய படைப்பெழுத்து வகுப்புகள் யூடியூப்பில் முழுமையாகக் கிடைக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் தாம் எழுதிய நான்கு நாவல்களைப் பற்றி 2022 மார்ச் 1ஆம் நாள் ஒரு காணொளியில் அவர் அறிவித்தார். கிக்ஸ்டார்ட்டர் வழியாக வாசகர்கள் 4.17 கோடி டாலருக்கு மேல் முன்பணம் செலுத்தினர். பதிப்பகத்தின் இடையீடின்றி எழுத்தாளரும் வாசகரும் இணைய இயலும் என்பதற்கு இது சான்றாயினும், நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஆசிரியர்க்கே இஃது எளிதாகும் என்பதையும் உடன் கருதவேண்டும்.

5. புக்டாக்: சந்தாவிலிருந்து பரிந்துரைக்கு

2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் டிக்டாக்கில் புக்டாக் வளர்ந்தது. ஒரு நூலைப் படித்து முடித்தவுடன் எழும் கண்ணீர், வியப்பு, சினம் ஆகிய மெய்ப்பாடுகளே இக்குறுங்காணொளிகளின் உள்ளடக்கம். திறனாய்வுக் கலைச்சொற்களுக்கு இங்கு இடமில்லை. மேட்லின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’ 2011இல் வெளிவந்தது. கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ 2016இல் வெளிவந்தது. இவ்விரண்டும் ஆண்டுகள் பல கழிந்து 2021ஐ ஒட்டி விற்பனைப் பட்டியல்களில் உயர்ந்தன. வெளியீட்டுக் காலத்தோடு ஒரு நூலின் சந்தை வாழ்வு முடிந்துவிடும் என்னும் பதிப்புலக நம்பிக்கை இதனால் ஆட்டம் கண்டது.

புக்டியூப்பில் பார்வையாளர் தாம் விரும்பும் ஒருவரைச் சந்தா வழியாகத் தொடர்கிறார். புக்டாக்கில் தளத்தின் பரிந்துரை நிரலே காணொளியைப் பார்வையாளரிடம் சேர்க்கிறது. முன்னது அறிந்த நண்பரின் பரிந்துரையை ஒத்தது. பின்னது கூட்டத்தின் ஆரவாரத்தை ஒத்தது. எனவே, புக்டாக்கில் மிகுதியாகக் காணப்படும் நூலை வாசகர் தேர்வு என்று மட்டும் கொள்ள இயலாது. தளத்தின் தேர்வும் அதில் கலந்துள்ளது.

புக்டாக் பிறநாடுகளில் எழுச்சிபெற்ற அதே ஆண்டில், 2020 சூன் 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தது. இதனால் இந்தியாவில் இலக்கியக் காணொளி முதன்மையாக யூடியூப்பிலேயே தொடர்ந்தது. அத்துடன், டிக்டாக்கில் அதுவரை தமிழில் இடப்பட்டிருந்த காணொளிகளை இந்தியாவிலிருந்து பார்க்கும் வழியும் அடைபட்டது.

6. தமிழ்ச் சூழல்: அவையும் ஒளிப்பதிவும்

தமிழிலும் நூலறிமுகம் செய்யும் தனியர் அலைவரிசைகள் உள்ளன. புத்தகக் காட்சியில் வாங்கிய நூல்களைக் காட்டும் காணொளிகளும் வருகின்றன. ஆயினும் தமிழ் இலக்கியக் காணொளியின் தனித்தன்மை கூட்டப் பதிவிலேயே புலப்படுகிறது. நூல் வெளியீடு, விமர்சன அரங்கு, விருது விழா ஆகியவற்றின் உரைகளை முழுமையாகப் பதிவுசெய்து வெளியிடும் ஸ்ருதி டிவி இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. யூடியூப் தன் தொடக்கக் காலத்தில் பொதுப் பயனர்க்கு விதித்திருந்த பத்து நிமிட வரம்பு 2010ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டதே இத்தகைய நீண்ட உரைப்பதிவுகளுக்குத் தொழில்நுட்ப வாயிலைத் திறந்தது.

புக்டியூப்பில் பேசுபவர் தம் அறையில், நூலடுக்கின் முன் அமர்ந்து, ஒளிப்படக்கருவியை நோக்கிப் பேசுகிறார். தமிழ்க் கூட்டப் பதிவில் பேசுபவர் மேடையில் நின்று அவையை நோக்கிப் பேசுகிறார். காணொளியைப் பார்ப்பவர் அவ்வவையின் பின்வரிசையில் இடம்பெற்ற கேட்போரை ஒத்தவர். இவ்வமைப்பு நூலை அவையில் படித்துப் பொருள்கூறி ஏற்புப் பெற்ற அரங்கேற்ற மரபையும், புராணச் சொற்பொழிவு மரபையும் நினைவூட்டுகிறது. அச்சுக்குப் பிந்தைய மின்னணு ஊடகங்களில் வாய்மொழித்தன்மை மீண்டும் எழுவதை வால்டர் ஓங் 1982இல் ‘இரண்டாம் நிலை வாய்மொழி’ எனக் குறித்தார். தமிழில் முதல்நிலை அவைமரபு முற்றிலும் அறுபடாமலே இரண்டாம் நிலையை அடைந்துள்ளது எனலாம்.

திருவண்ணாமலையைச் சேர்ந்த எழுத்தாளர் பவா செல்லதுரை, பிறர் படைப்புகளை நினைவிலிருந்து கதையாகக் கூறும் நிகழ்வுகளின் பதிவுகள் இவ்வகையில் சிறப்பாக ஆராயத்தக்கன. மூலத்தில் உள்ள எதனைக் கதைசொல்லி விரிக்கிறார், எதனை விடுக்கிறார், எவ்விடத்தில் தம் வாழ்வனுபவத்தை இணைக்கிறார் என்பன யாவும் பொருள்கோடலே. மூலப் பனுவலையும் கதைசொல்லலையும் ஒப்பிடும் ஆய்வு, ஒரு வாசகர் பனுவலை மறுஆக்கம் செய்யும் முறையை நேரடியாகக் காட்டவல்லது.

மொழிநிலையிலும் இங்குப் புதுமை உண்டு. தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் எழுத்து வழக்கிலேயே பதிவாகி வந்துள்ளது. காணொளியில் அது வட்டார, தொழில், வயது வேறுபாடுகளுடன் கூடிய பேச்சு வழக்கில் கிடைக்கிறது. “பிடிபடவில்லை” என்று எழுத்தில் அமையும் ஒரு கருத்து, பேச்சில் தயக்கம், திரும்பக் கூறல், கையசைவு ஆகியவற்றோடு வரும்போது வேறு பொருள்நிழலைப் பெறுகிறது. எழுத்துப்பெயர்ப்பின்போது இதனைச் செந்தமிழாகத் திருத்தினால் சான்றின் சாரமே அழிந்துவிடும்.

7. சான்றாகக் கொள்ளும் நெறிமுறை

காணொளியை மேற்கோளாக ஆளும்போது பின்வருவன கருதத்தக்கன.

முதலாவதாக, நிகழ்வு நடந்த நாளையும் காணொளி பதிவேற்றப்பட்ட நாளையும் வேறுபடுத்த வேண்டும். மேற்கோள் இடம்பெறும் நிமிடம், நொடி, பார்வையிட்ட நாள் ஆகியவற்றையும் தருதல் வேண்டும். காணொளித் தலைப்பும் முகப்புப் படமும் பெரும்பாலும் வெளியிடுவோரின் தேர்வுகள். அவற்றைப் பேச்சாளரின் கருத்தாகக் கொள்ளலாகாது.

இரண்டாவதாக, பார்வை எண்ணிக்கை வாசகர் எண்ணிக்கையன்று. காணொளியைத் திறந்தவர் அதனை முழுமையாகக் கேட்டார் என்றோ, நூலைப் படித்தார் என்றோ அவ்வெண் காட்டாது. மேலும், அளவீடுகளே மாறக்கூடியன. 2021 நவம்பரில் யூடியூப் விருப்பமின்மை எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கியது. அதற்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் அவ்வெண் கொண்டு ஒப்பிட இயலாது.

மூன்றாவதாக, பேசுபவர்க்கும் நூலுக்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டும். இலவசப் படி பெற்றுச் செய்யும் அறிமுகம், கட்டணம் பெற்றுச் செய்யும் விளம்பரம், நட்பின்வழிப் பாராட்டு ஆகியன தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வெளியீட்டு விழா உரைக்கும் விமர்சன அரங்க உரைக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

நான்காவதாக, பின்னூட்டமிடும் பொதுவாசகர் ஆய்வுக்கு உட்படுவோம் என எண்ணி எழுதுவதில்லை. அவர்தம் பெயரையும் அடையாளத்தையும் மறைத்து, கருத்தை மட்டும் ஆளுதலே அறமாகும்.

ஐந்தாவதாக, நிலைபேற்றை உறுதிசெய்ய வேண்டும். ஓர் அரசாணை, ஒரு நிறுவனத்தின் முடிவு, கணக்கு உரிமையாளரின் மனமாற்றம் ஆகியவற்றுள் எதுவும் காணொளியை மறையச் செய்யலாம். ஆய்வேட்டுக்கு அடிப்படையான பகுதிகளை எழுத்துப்பெயர்த்துப் பின்னிணைப்பாக வைத்தலும், உரிமையாளரின் இசைவு பெற்றுப் பல்கலைக்கழக நூலகத்தில் படி சேமித்தலும் உடனடித் தேவைகள்.

முடிவுரை

காணொளிவழி வாசகச் சமூகங்கள் வழக்காறு, நேரம், மறுமொழி ஆகிய மூன்றன் கூட்டால் அமைகின்றன. ஆங்கிலச் சூழலில் தனியறையிலிருந்து எழுந்த இச்சமூகம், தமிழில் பெரிதும் அவையிலிருந்து எழுந்துள்ளது. ஆகவே, புக்டியூப் ஆய்வுக்குரிய அளவுகோல்களைத் தமிழ்க் காணொளிகள்மீது அவ்வாறே பொருத்துதல் பிழைபடும். தமிழுக்கு அவைமரபையும் இருவழக்குத் தன்மையையும் உட்கொண்ட அணுகுமுறை வேண்டும்.

ஓலைச்சுவடிகளுள் செல்லரித்தவை போக எஞ்சியவற்றைக் கொண்டே நம் இலக்கிய வரலாறு எழுதப்பட்டது. இன்றைய வாசகர் பேச்சு கைக்கெட்டும் தொலைவில் மிகுதியாகக் கிடைக்கிறது. அம்மிகுதியே அதனைப் பேணவேண்டும் என்னும் எண்ணத்தை மழுங்கச் செய்கிறது. ஒரு படைப்பாளரையோ ஓர் இலக்கிய அமைப்பையோ தேர்ந்து, அவர்தம் உரைப்பதிவுகளுக்கு நாள், இடம், பேச்சாளர், பேசப்பட்ட நூல் ஆகிய விவரங்களுடன் அட்டவணை உருவாக்குதல் முதுகலை, இளமுனைவர் நிலையிலேயே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்தகைய அட்டவணைகள் பெருகும்போதுதான் காணொளி, சமகாலத் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு உரிய சான்றாக நிலைபெறும்.